தோட்டா எங்கே நின்றது?

அமெரிக்கக் குதிரை வீரர்களின் சினிமாப் படங்களைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். கதாநாயகனுடைய துப்பாக்கி ஒருபோதும் சண்டித்தனம் செய்வதில்லை. ஓடுகிற குதிரையின் மேலிருந்து அவன் சுடுகிறான், விசைக்குக் கீழேயுள்ள இரும்பு வளையத்தை ஒரு தடவை கீழே தள்ளி மேலே இழுக்கிறான், மறுபடியும் சுடுகிறான். 1939-ல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' என்னும் படத்தில் ஜான் வேய்ன் அந்தத் துப்பாக்கியை ஒற்றைக் கையால் சுழற்றியே தோட்டா ஏற்றிக் காட்டினார். 1950-ல் வந்த மற்றொரு படத்துக்கு அந்தத் துப்பாக்கியின் பெயரையே 'வின்செஸ்டர் 73' என்று சூட்டிவிட்டார்கள்.

கொட்டகையை விட்டு வெளியே வந்தால் சங்கதி வேறு. அந்த இரும்பு வளையத்துக்கு லீவர் என்று பெயர். லீவர் ரைபிள் என்பது மனிதன் செய்த யந்திரம்; மற்ற யந்திரங்களைப் போலவே அதுவும் சில சமயம் நின்றுவிடும். முக்கியமாக, தோட்டா ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய இடத்தில் வராமல் தகராறு செய்யும். அப்போது என்ன செய்வது?

நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணமில்லை. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியர் கையில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று விதித்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. சுதந்திர இந்தியாவின் 1959-ம் வருஷத்துச் சட்டம் அந்த வேற்றுமையை வைத்துக்கொள்ளவில்லை. லைசென்ஸை நல்ல காரணத்தோடு வைத்துக்கொண்டது. ஆகவே துப்பாக்கியைப் பற்றி நமக்கு ஏட்டறிவு உண்டே தவிர கையறிவு கிடையாது. இருந்தும் இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு கடிதம் காரணம்.

நம்மிடம் பல வருஷங்களுக்கு முன் படித்த மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் மொண்டானா மாகாணத்தில் யந்திர இஞ்ஜினீயராக இருக்கிறார். அவருடைய அண்டை வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு கிழவர்; வயது எண்பதை நெருங்குகிறது. கிழவரிடம் அவருடைய பாட்டனார் வாங்கிய லீவர் ரைபிள் ஒன்று இருக்கிறது. பாட்டனாரிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து தமக்கும் வந்த அந்தத் துப்பாக்கியைத் தம் பதினாறு வயதுப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் இரண்டு வருஷங்களாக அது சரியாகத் தோட்டா ஏற்றவில்லை. பட்டணத்துத் துப்பாக்கிக் கம்மியர் சுத்தம் செய்து, புது ஸ்பிரிங்கும் போட்டுக் கொடுத்தார். கடையில் நன்றாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் பழைய கதைதான். "இதற்கும் என்னைப் போல வயதாகிவிட்டது, சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான்" என்று கிழவர் முடிவு கட்டிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் நம் மாணவர் குறுக்கிட்டார்.

அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதைச் சொல்வதற்கு முன், அந்த யந்திரத்தைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

ஊக்குச் செய்தவரும் சட்டை தைத்தவரும்

லீவர் ரைபிளின் வமிச வரலாறு ஒரு விசித்திரமான மனிதரிடம் தொடங்குகிறது. அவர் பெயர் வால்ட்டர் ஹண்ட், நியூயார்க் நகரத்தவர். நம் தாய்மார்கள் தினந்தோறும் உபயோகிக்கும் ஊக்கு இருக்கிறதே, அதற்கு 1849-ல் பேடண்ட் வாங்கியவர் இவர்தான். அதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே தையல் யந்திரம் ஒன்றையும் செய்து பார்த்தவர். ஆனால் அதற்குப் பேடண்ட் வாங்காமல் விட்டுவிட்டார். ஊக்கு வெளிவந்த அதே 1849-ல், குழலுக்குக் கீழே ஒரு குழாய் வைத்து, அதில் பல தோட்டாக்களை வரிசையாக அடைத்து, ஒவ்வொன்றாக மேலே ஏற்றிச் சுடும் துப்பாக்கிக்கும் அவர் பேடண்ட் வாங்கினார்.

எண்ணம் நல்ல எண்ணம். துப்பாக்கிதான் ஓடவில்லை. உறுப்புகள் அதிகம், ஒவ்வொன்றும் நோஞ்சான். லூயி ஜென்னிங்ஸ் என்பவர் அதை எளிதாக்கினார். ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்னும் இருவர் மேலும் திருத்தினார்கள். ஆனாலும் தோட்டா பலவீனமாகவே இருந்தது. ஈயக் குண்டின் அடிப்புறத்தைக் குடைந்து, அந்தக் குழிக்குள்ளேயே மருந்தை அடைத்திருந்தார்கள். குழியில் எவ்வளவு மருந்து கொள்ளும்?

நியூ ஹேவன் நகரத்தில் சட்டைகள் தைத்து விற்றுப் பணம் சேர்த்த ஆலிவர் வின்செஸ்டர் இந்தத் தொழிலில் முதல் போட்டார். அவருடைய தொழிற்சாலையை நடத்திய டைலர் ஹென்றி, உலோகக் கூடு உள்ள தோட்டாவுக்குத் தக்கபடி யந்திரத்தை மாற்றி அமைத்து 1860-ல் பேடண்ட் பெற்றார். குழாயில் பதினைந்தும் அறையில் ஒன்றுமாகப் பதினாறு தோட்டாக்கள். மற்றவர்கள் ஒன்றைச் சுட்டு, மருந்து கொட்டி, கோலால் இடித்துக் கொண்டிருந்த காலத்தில் இது பெரிய அதிசயம்.

ஆயினும் ஹென்றியின் ரைபிளில் ஒரு குறை இருந்தது. தோட்டாக்களைப் பின்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கின் முனையில் ஒரு குமிழ். அது நகர்வதற்காகக் குழாயின் அடியில் நெடுகத் திறந்த பிளவு. சுடச் சுட அந்தக் குமிழ் சுடுகிறவனுடைய இடது கையை நோக்கி ஊர்ந்து வரும். கையில் முட்டிக்கொண்டால் நின்றுவிடும், தோட்டாவும் நின்றுவிடும். பிளவு வழியாக மண்ணும் தூசியும் வேறு உள்ளே புகும். 1866-ல் நெல்ஸன் கிங் என்பவர் குழாயை மூடி, பக்கவாட்டில் சிறு கதவு வைத்து, அதன் வழியாகத் தோட்டா நிரப்ப வழி செய்தார். அதன் பிறகு 1873 மாதிரி. பிறகு ஜான் பிரௌனிங் என்னும் மேதாவி அமைத்த 1886, 1892, 1894 மாதிரிகள். கிழவருடையது இந்த 1894 மாதிரிதான். நியூ ஹேவனில் 2006 வரையில் எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றை ஏன் சொன்னோம் என்றால், இது முழுவதும் ஒரே கேள்வியின் வரலாறு. 'தோட்டா எங்கே நின்றது?' என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். நின்ற இடத்தை மட்டும் திருத்தினார்கள். யந்திரத்தைத் தூக்கி எறிந்தவர் ஒருவருமில்லை.

உள்ளே நடப்பது என்ன?

வீட்டில் தையல் யந்திரம் உள்ளவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஊசி கீழே போகும்போது ஓடம் எங்கே இருக்கவேண்டும், துணி எப்போது நகரவேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. ஒன்று அரைக்கணம் தவறினாலும் நூல் சிக்கிக்கொள்ளும். லீவர் ரைபிளும் அப்படியே.

1873 மாதிரியை எடுத்துக்கொள்வோம். விளங்குவதற்கு அதுவே சுலபம். குழலுக்கு அடியிலுள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. முன்னாலிருக்கும் ஸ்பிரிங் அவற்றைப் பின்னோக்கி நெருக்குகிறது. கடைசித் தோட்டா குழாயை விட்டு வெளிவந்து, பித்தளைக் கட்டையில் குடைந்த ஒரு தொட்டிலில் வந்து படுக்கிறது. இந்தக் கட்டையைத் 'தூக்கி' என்று சொல்லலாம். கிணற்று வாளி போல மேலும் கீழும் போவது அதன் வேலை.

லீவரைக் கீழே தள்ளும்போது குழலை அடைத்திருக்கும் தாழ் பின்னுக்குப் போகிறது. போகிற போக்கில் தன் கொக்கியால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைப் பற்றி இழுத்து வருகிறது. சுத்தியல் போன்ற குதிரையையும் பின்னுக்கு மடக்கி வைக்கிறது. லீவர் தன் ஓட்டத்தின் கடைசிப் பகுதிக்கு வரும்போது தூக்கி மேலெழுந்து, வெற்றுக் கூட்டை மேலே தள்ளி எறிந்துவிட்டு, புதிய தோட்டாவைக் குழலின் வாய்க்கு நேரே நிறுத்துகிறது. இப்போது லீவரை மேலே இழுத்தால் தாழ் முன்னேறித் தோட்டாவை அறைக்குள் தள்ளிக் குழலை அடைத்துக்கொள்கிறது. தூக்கி கீழே இறங்குகிறது. அடுத்த தோட்டா அதில் ஏறிக்கொள்கிறது. 1894 மாதிரியில் உறுப்புகளின் வடிவம் வேறு, தோட்டா தூக்கியில் ஏறும் தருணமும் வேறு. ஆனால் லீவர் முற்றிலும் கீழே போய் முடியும்போதுதான் தூக்கி எழும் என்பது இரண்டுக்கும் பொது.

'கடைசிப் பகுதி', 'முற்றிலும்' என்னும் சொற்களை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

நான்கு நிலையங்கள்

ரயில் வரவில்லை என்றால் நாம் என்ஜினை உடனே பிரிக்கச் சொல்வதில்லை. கடைசியாக எந்த நிலையத்தைத் தாண்டியது என்று விசாரிக்கிறோம். தோட்டாவுக்கும் நான்கு நிலையங்கள் உண்டு.

விசாரணைக்கு முன் ஒரு கண்டிப்பான விதி. துப்பாக்கியின் வாய் மனிதரும் வீடும் இல்லாத திசையைப் பார்க்கவேண்டும். உள்ளேயிருக்கும் தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, குழாயையும் அறையையும் கண்ணாலும் விரலாலும் சோதிக்கவேண்டும். பிறகு மருந்தும் கேப்பும் இல்லாத, அளவுக்கு மட்டும் செய்த போலித் தோட்டாக்களைக் கொண்டே பரீட்சை நடத்தவேண்டும். உண்மைத் தோட்டாவை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து லீவரை ஆட்டிப் பார்ப்பவன் யந்திரத்தைப் பரீட்சிக்கவில்லை. தன் குடும்பத்தின் அதிர்ஷ்டத்தைப் பரீட்சிக்கிறான்.

முதல் நிலையம்: குழாயிலிருந்து தூக்கிக்கு. தோட்டா குழாயை விட்டே வரவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், துருப் பிடித்திருக்கலாம். வேண்டாத அன்போடு ஊற்றிய எண்ணெய், மருந்துப் புகையோடும் தூசியோடும் சேர்ந்து பிசினாக இறுகியிருக்கலாம். குழாய் எங்காவது மோதி நசுங்கியிருக்கலாம். குழாயையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கும் வளையத்தின் திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கிக் குழாய் வாய் குறுகியிருப்பதும் உண்டு. குழாயின் முனை மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைச் சாய்த்தால் போலித் தோட்டா தன் கனத்தாலேயே வழுக்கி ஓடவேண்டும். எந்த இடத்தில் தயங்குகிறதோ அந்த இடத்தில் குற்றம்.

இரண்டாவது நிலையம்: தூக்கி மேலெழுவது. இங்கேதான் தோட்டாவின் நீளம் முக்கியமாகிறது. 1873 மாதிரியில் தூக்கிக்குள் இருக்கும் தோட்டாவின் மூக்கே அடுத்த தோட்டாவுக்குத் தடைக்கல். தோட்டா அதிக நீளமாயிருந்தால் அதன் மூக்கு குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தூக்கி எழ முடியாது. மிகவும் குட்டையாயிருந்தால் அடுத்த தோட்டாவின் விளிம்பு தூக்கிக்குள் தலையை நுழைத்துவிடும். அப்போதும் எழ முடியாது. அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தோட்டாவின் நீளம் சுமார் 40 மில்லிமீட்டர். அதில் ஒரு நெல் அகலம் கூடினாலும் குறைந்தாலும் யந்திரம் மறியல் செய்கிறது.

தோட்டா செய்யும்போது சரியான நீளம் இருந்தும் பிறகு குட்டையாவது உண்டு. கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக மடித்திராவிட்டால், குழாயில் ஸ்பிரிங்கின் நெருக்கலிலும் சுடும்போது ஏற்படும் உதைப்பிலும் குண்டு மெள்ளக் கூட்டுக்குள் அமிழ்ந்துவிடும். வீட்டிலேயே தோட்டா செய்து கொள்ளும் அமெரிக்கர்கள் இந்தக் குழியில் அடிக்கடி விழுகிறார்கள். ஒரே குறுக்களவில் குட்டை, நெட்டை என இரண்டு தோட்டாக்களை ஏற்கும் இக்காலத்து ரைபிள்களில் நெட்டை சுகமாக ஓடுவதும், குட்டை தகராறு செய்வதும் இதன் உறவுக் காரணந்தான். வேறு சில மாதிரிகளில் லீவரின் கூரான விளிம்பு தூக்கியின் அடியை வருஷக் கணக்கில் உராய்ந்து ஒரு பள்ளம் உண்டாக்கிவிடும். தூக்கி சரியான உயரத்தில் நிற்காது. ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு தோட்டாக்கள் நுழைந்து, லீவர் மேலும் போகாமல் கீழும் போகாமல் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது நிலையம்: அறைக்குள் நுழைவது. தூக்கி கொண்டுவந்து நிறுத்தியும் தோட்டா உள்ளே போகாமல் முட்டிக்கொண்டால் அறையில் அழுக்கோ, வாயோரத்தில் பிசிறோ, தோட்டாக் கூட்டில் வீக்கமோ இருக்கலாம். குண்டின் மூக்கு மிகவும் தட்டையாக, ஓரம் கூராக இருந்தாலும் முட்டும். 'அப்படியானால் மூக்கைக் கூராக்கி விடலாமே' என்று தோன்றும். அது மகா விபரீதம். குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னாலுள்ள தோட்டாவின் அடியில், கேப் இருக்கும் நடு இடத்தில் அல்லவா அழுத்திக்கொண்டிருக்கிறது? கெட்டியான கூர்மூக்குக் குண்டானால் உதைப்பின்போது ஆணி அடித்தது போலக் கேப்பைத் தாக்கிக் குழாய்க்குள்ளேயே வெடிக்கச் செய்துவிடலாம். இதற்காகவே இந்த ரைபிள்களுக்கு மூக்கு மழுங்கிய குண்டுகள். பிரௌனிங் 1895 மாதிரியில் குழாயை அடியோடு எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி வைத்தார். அதில் கூர்க்குண்டுக்குத் தடையில்லை.

நான்காவது நிலையம்: வெற்றுக் கூடு வெளியேறுவது. புதிய தோட்டா வராததற்குப் பழைய கூடு காலி செய்யாதது காரணமாயிருக்கலாம். கொக்கி உடைந்தோ, அதன் அடியில் அழுக்கு அடைந்தோ இருந்தால் கூடு அறையிலேயே தங்கிவிடும். பழைய குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்யாமல் புதியவர் எப்படிக் குடிவருவது? ஆகவே ஏற்றுவதில் குறை என்று தோன்றுவது பல சமயம் இறக்குவதில் உள்ள குறையே.

குற்றத்தைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கை, அடுத்தது தோட்டா, அதற்கடுத்தது அழுக்கு, பிறகு ஸ்பிரிங்கும் திருகாணியும். அரம் எல்லாவற்றுக்கும் கடைசி. குழம்பில் உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். போட்ட உப்பை எடுக்க முடியாது. அரம் ராவிய இரும்பும் அப்படித்தான். ஆனால் மனித சுபாவம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறது. யந்திரத்தைக் குறை சொல்வது எளிது, அதற்கு வாயில்லை. கையைக் குறை சொல்வது கஷ்டம். அது நம்முடைய கை.

பழி யார்மேல்?

நம் மாணவர் இருக்கும் மொண்டானாவிலேயே இதற்குச் சரித்திரப் பிரசித்தி பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1876-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி லிட்டில் பிக்ஹார்ன் நதிக்கரையில், லகோட்டா, செயென் முதலிய ஆதிக்குடி மக்களின் பெரிய பாளையத்தை அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டர் தாக்கினார். தங்கள் பெண்டு பிள்ளைகளைக் காக்க எழுந்த அந்த மக்கள், கஸ்டரையும் அவரோடு நேராகச் சென்ற இருநூறு பேருக்கு மேற்பட்ட படையினரையும் ஒருவர் விடாமல் வீழ்த்தினார்கள்.

படையினரிடம் இருந்தவை லீவர் ரைபிள்கள் அல்ல. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா ஏற்றும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள். அவற்றின் தோட்டாக் கூடு மெல்லிய செம்பினாலானது. சூடேறியபோது அது அறையில் ஒட்டிக்கொண்டு, கொக்கி இழுத்தால் விளிம்பு மட்டும் கிழிந்து வந்ததென்றும், வீரர்கள் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தபோதே மாண்டார்களென்றும் ஒரு கதை பரவிற்று. தோல்விக்குத் துப்பாக்கியே காரணம் என்று நம்பியவர்கள் பலர்.

1983-ல் அந்தப் போர்க்களத்தில் புல் தீப்பற்றி எரிந்து தரை வெறுமையாயிற்று. அடுத்த இரண்டு வருஷங்களிலும் புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் களத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து, கிடந்த தோட்டாக் கூடுகளைச் சேகரித்தார்கள். போலீஸார் குற்ற வழக்குகளில் செய்வது போல ஒவ்வொரு கூட்டிலும் உள்ள தழும்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நெம்பி எடுத்த அடையாளமுள்ள கூடுகள் இருந்தன. ஆனால் மிகச் சிலவே. அதற்கு மாறாக, ஹென்றி, வின்செஸ்டர் ரைபிள்களால் சுட்ட கூடுகள் ஏராளமாகக் கிடைத்தன. தொடர்ந்து சுடும் லீவர் ரைபிள்கள் எதிர்த்தரப்பிலேதான் இருந்தன! எதிரியின் தொகையையும் திறமையையும் குறைவாக எண்ணிப் படையைப் பிரித்துக்கொண்டு போனது மனிதர் செய்த பிழை. பழி மட்டும் செப்புக் கூட்டின்மேல் விழுந்து நூறு வருஷம் அங்கேயே இருந்தது.

கிழவரின் கை

இனி நம் கிழவரின் வீட்டுக்குப் போவோம். மாணவர் எழுதுகிறார்:

"ஐயா, பள்ளிக்கூடத்து மணி ஒருநாள் அடிக்காமல் போனபோது, 'கெட்டது எது என்று கேட்காதே, எங்கே நின்றது என்று கேள்' என்று எங்களிடம் சொன்னீர்கள். அது ஞாபகம் வந்தது. எட்டுப் போலித் தோட்டாக்கள் வாங்கி வந்து, பண்ணைக்குப் பின்புறம் மண்மேட்டை நோக்கி வைத்துக்கொண்டு நானே லீவரை ஐம்பது தடவை இயக்கினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பேத்தி இயக்கினாள், நிற்கவில்லை. பிறகு கிழவரிடம் கொடுத்தேன். பத்துத் தடவையில் மூன்று தடவை நின்றுவிட்டது. நாங்கள் மூவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை."

நான்கு வருஷங்களுக்கு முன் கிழவர் குதிரையிலிருந்து விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டிருக்கிறார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை பழைய தூரம் நீளவில்லை. லீவரை அவர் முழுவதும் தள்ளியதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் ஒரு விரற்கடைக்கு முன்பே கை நின்றுவிடுகிறது. அந்த ரைபிளின் முழுத் தோட்டா 65 மில்லிமீட்டர் நீளம். சுட்டபின் குண்டு போய்விட, வெற்றுக் கூடு 52 மில்லிமீட்டர்தான். ஆகவே லீவர் முழுவதும் போகாவிட்டாலும் குட்டையான வெற்றுக் கூடு வெளியே விழுந்துவிடுகிறது. நீண்ட புதுத் தோட்டாவைத் தூக்குவதற்கு மட்டும் ஓட்டம் போதவில்லை. கூடு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவருக்குத் தம் கைமேல் எப்படிச் சந்தேகம் வரும்? கம்மியர் கடையில் நன்றாக வேலை செய்ததன் ரகசியமும் இதுவே. அங்கே லீவரை இயக்கியது கம்மியரின் கை.

இதோடு போனால் இது ஒரு வேடிக்கைக் கதையாகும். ஆனால் கடிதத்தின் பிற்பகுதியைப் படித்தபோது நமக்கு உடம்பு சிலிர்த்தது.

சென்ற மான் வேட்டைக் காலத்தின் கடைசி நாளன்று கிழவர் ஒரு தடவை சுட்டார். லீவரை ஆட்டினார், கூடு விழுந்தது. மறுபடி விசையை இழுத்தார். 'டிக்' என்று வெறும் சத்தம். இன்னும் இரண்டு தடவை ஆட்டினார்; ஒன்றும் வெளியே வரவில்லை. தோட்டா தீர்ந்துவிட்டது என்று எண்ணி, ரைபிளைக் கொண்டுவந்து சமையலறை மூலையில் சாத்தி வைத்துவிட்டார். மொண்டானாவில் இளம் வயதினர் வேட்டைக்கு உரிமை பெறுவதற்கு முன் பொதுவாக ஒரு பயிற்சி வகுப்பில் தேறவேண்டும். எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் அதில் தோட்டா இருப்பதாகவே கருது என்பது அங்கே முதற் பாடம். அந்த வகுப்பை அப்போதுதான் முடித்திருந்த பேத்தி, ரைபிளை அப்புறப்படுத்த எடுத்தவள், வாயை வெளிவாசல் பக்கம் திருப்பி, லீவரை முழுவதும் இயக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று உயிருள்ள தோட்டாக்கள் தரையில் விழுந்தன. அவளுடைய தம்பிக்கு ஆறு வயது. அவன் அந்தச் சமையலறையில்தான் தினமும் காலையில் பால் குடிப்பான்.

அன்று கிழவர், "பார், இந்தத் துப்பாக்கி என்னையே ஏமாற்றுகிறது" என்றாராம். இப்போது மண்மேட்டுக்கு எதிரே நின்றுகொண்டு, தம் கையை மெள்ள நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, வேறு விதமாகச் சொன்னார்: "அது ஏமாற்றவில்லை. என் கை நின்றுபோன இடத்தை அது இரண்டு வருஷமாக எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது."

பிறகு அவர் உள்ளே போய், அந்த ரைபிளுக்கென்று தம் தந்தை தைத்து வைத்திருந்த பழைய தோல் உறையையும், துப்புரவுக் கோலையும் எடுத்து வந்து பேத்தியிடம் கொடுத்தார். துப்பாக்கி சுவருக்குப் போகவில்லை. பூட்டுள்ள இரும்பு அலமாரியில் அவள் பெயருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சாவி இப்போதைக்குத் தாயாரிடம். இவ்வருஷம் வேட்டைக்குக் கிழவரும் உடன் போகப்போகிறார். தூரதரிசினிக் கண்ணாடி மட்டும் எடுத்துக்கொண்டு.

பள்ளிக்கூடத்து மணியைப் பற்றி நாம் அப்படிச் சொன்னதாக நமக்கு ஞாபகமே இல்லை. ஆனால் மணி நின்றது ஞாபகம் இருக்கிறது. மணியில் ஒரு குறையும் இல்லை; கயிற்றைத்தான் யாரோ கொடியில் துணி உலர்த்தக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று முதலில் 'மணி பழசு' என்று சொன்னவர் நாமே.